குடிகாரர் எனப்பட்ட பாடகர்: வூடி கத்ரியின் வாழ்வும் ஹன்டிங்டன் நோயும்

கண்டி நகரில் மாலை நேரத்தில் பஸ் ஏறுவது உடல் நலமாக உள்ளவர்களுக்கே சிரமமான காரியம். கெலிஓயாப் பக்கம் வசிக்கும் என் தோழியின் அப்பாவுக்கு அது பல ஆண்டுகளாகப் பெரும் சோதனையாக இருந்தது. அவருடைய கால்கள் ஓரிடத்தில் நிற்காது. தோள் திடீரென்று தூக்கிப் போடும். விரல்கள் சும்மா இருக்காது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழற ஆரம்பித்திருந்தது. எத்தனையோ தடவை கண்டக்டர்கள் அவரை ஏற்ற மறுத்திருக்கிறார்கள். ஏறிய பிறகு பாதி வழியில் இறக்கிவிட்டவர்களும் உண்டு. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். எல்லோருடைய முடிவும் ஒன்றுதான்: மனுசன் நல்லாக் குடித்திருக்கிறார்.

அவர் குடிப்பவர் அல்ல. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் எனக்கு அது தெரியும். ஆனால் ஒரு வைத்தியர்கூட முதலில் அவரிடம் குடியை நிறுத்தச் சொல்லித்தான் அனுப்பினாராம். உறவினர்கள் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அவருடைய தாயாருக்கும் தோட்டத்தில் இருந்த காலத்தில் இப்படித்தான் ஆட்டம் இருந்ததென்று ஊரில் வயதானவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அந்தம்மாவுக்குச் சாமி வந்ததாகப் பேசிக்கொண்டார்களாம். கடைசியில் ஒரு நரம்பியல் நிபுணர் குடும்பக் கதையை முழுதாகக் கேட்டு, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த விடை ஹன்டிங்டன் நோய்.

அதைப் பற்றி எழுத முடியுமா என்று தோழி என்னைக் கேட்டாள். பெயரும் ஊரும் அடையாளமும் வேண்டாம் என்றாள். தம்பிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் தேடி வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மனிதர் அந்தக் கதைக்குள் இருந்தார். ஊடகக் கற்கை படித்த காலத்தில் அவருடைய ஒரு பாடலைப் பற்றி நான் ஒப்படை எழுதியிருக்கிறேன். அவர் எப்படிச் செத்தார் என்பதை அப்போது நான் தேடிப் பார்க்கவில்லை. அவர்தான் வூடி கத்ரி. பொப் டிலானைத் தெரிந்தவர்களுக்கு, டிலான் குருவாக ஏற்றுக்கொண்டவர் என்று சொன்னால் போதும்.

தீப்பிடித்த வீடுகள்

வூட்ரோ வில்சன் கத்ரி 1912 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒகீமா என்ற சிறிய ஊரில் பிறந்தார். அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டவரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார் அப்பா சார்லி. அவர் காணி வாங்கி விற்பவர், உள்ளூர் அரசியலும் செய்தவர். அம்மா நோரா பெல். பழைய பாடல்களைப் பாடிக்காட்டி மகனுக்குள் பாட்டை விதைத்தவர் அவர்தான்.

வூடி சிறுவனாக இருந்தபோது, 1919 இல், அக்கா கிளாரா உடையில் தீப்பற்றி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அம்மாவின் போக்கு மாறிக்கொண்டே போனது. கைகால்கள் கட்டுப்பாடில்லாமல் அசைந்தன. திடீர்க் கோபம் வந்தது. வீட்டு வேலை பாதியில் நின்றது. ஊர் பேச ஆரம்பித்தது. 1927 இல் அப்பாவும் தீயில் மோசமாக எரிந்தார். மண்ணெண்ணெய் விளக்கை வீசியவர் நோராதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதே ஆண்டில் அவரை நோர்மன் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். 1930 இல் அவர் அங்கேயே இறந்தார். ஊரைப் பொறுத்தவரை அவர் பைத்தியம் பிடித்துச் செத்த பெண். மகனுக்கு அம்மாவின் அந்த ஆட்டம் மட்டும் மறக்கவேயில்லை.

அம்மா வைத்தியசாலைக்குப் போனபோது வூடிக்கு 15 வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அப்பா உறவினர்களிடம் டெக்ஸாஸ் போய்விட்டார். பையன் தெரிந்தவர்கள் வீட்டில் சாப்பிட்டு, தெருவில் மவுத் ஓர்கன் வாசித்துக் காலத்தை ஓட்டினான். பிறகு அவனும் டெக்ஸாஸின் பம்பா என்ற எண்ணெய்க் கிணற்று ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். பெயர்ப்பலகை எழுதினான், கிட்டார் பழகினான். 1933 இல் மேரி ஜெனிங்ஸைக் கல்யாணம் செய்தார் வூடி. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்: குவென், சூ, பில்.

புழுதியும் பாட்டும்

1935 ஏப்ரல் 14 அன்று பம்பாவைக் கறுப்பான புழுதிப் புயல் ஒன்று மூடியது. பகலிலேயே எதிரில் இருப்பவர் தெரியவில்லை. உலகம் முடியப்போகிறது என்றே பலர் நினைத்தார்கள். மழை பொய்த்து, உழுது போட்ட மேல்மண் காற்றில் பறந்து, கடன்காரர்கள் காணியை எடுத்துக்கொள்ள, இலட்சக்கணக்கான ஏழை விவசாயிகள் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அங்கே பழம் பறிக்கும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனவர்கள் அவர்கள். போன இடத்தில் கிடைத்தது கூடாரமும் அரைக் கூலியும் வசையும். கூலிக்கு ஆள் பிடிப்பவன் வாக்குறுதியும் போய் இறங்கிய இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கதையை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வூடியும் அந்தச் சனத்தோடு மேற்கே போனார். மனைவியையும் பிள்ளைகளையும் பின்னால் விட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் குறை அவருடைய வாழ்வு முழுக்க இருந்தது. 1937 இல் லொஸ் ஏஞ்சலிஸ் வானொலி நிலையம் ஒன்றில் பாடத் தொடங்கினார். கூடாரங்களில் இருந்த மக்கள் தங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர் பாடுவதைக் கேட்டார்கள். அவர் முகாம்களுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் போய்ப் பாடினார், தொழிலாளர் பத்திரிகையில் பத்தி எழுதினார்.

1940 இல் நியூயோர்க் வந்தார். அவ்வாண்டு பெப்ரவரி 23 அன்று எழுதியதுதான் இன்று அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் பாடும் திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட். அதன் மூல வடிவில் தனியார் சொத்தையும் பட்டினி வரிசைகளையும் கேள்வி கேட்கும் அடிகள் இருந்தன. பாடசாலைகளில் அவை பெரும்பாலும் விடுபட்டுப் போயின. அதே ஆண்டில் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் அலன் லோமக்ஸ் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரை மணிக்கணக்கில் ஒலிப்பதிவு செய்தார். 1941 இல் கொலம்பியா ஆற்று அணைத் திட்டத்துக்காக ஒரே மாதத்தில் 26 பாடல்கள் எழுதிக் கொடுத்தார். கூலி 266 டொலர் 66 சதம். பாசிசத்தைக் கொல்லும் இயந்திரம் இது என்று தன் கிட்டாரில் எழுதி வைத்திருந்தார். வெறும் வாய்ச் சொல்லாக அது நிற்கவில்லை. உலகப் போரில் வர்த்தகக் கப்பல்களில் வேலை பார்த்து, அவை தாக்கப்பட்டும் உயிர் தப்பி வந்தவர் அவர்.

நியூயோர்க்கில் அவர் வாழ்வில் வந்தவர் மார்ஜரி மாஸியா, மார்த்தா கிரஹாமின் நடனக் குழுவில் ஆடியவர். 1945 இல் அவர்கள் கல்யாணம் செய்தார்கள். முதல் மகள் கேத்தி, நான்கு வயது நிரம்பிய சில நாட்களில், 1947 பெப்ரவரியில் வீட்டில் பிடித்த தீயில் இறந்தாள். பிறகு ஆர்லோ, ஜோடி, நோரா என மூன்று பிள்ளைகள். கடைசி மகளுக்கு வைத்தது அம்மாவின் பெயர்.

1948

நான் ஒப்படை எழுதிய பாடல் 1948 இல் பிறந்தது. அவ்வாண்டு ஜனவரி 28 அன்று கலிபோர்னியாவின் லொஸ் கட்டொஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் மெக்சிக்கோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்கள். விமானிகள் இருவர், பணிப்பெண், குடிவரவுக் காவலர் ஆகிய நால்வரின் பெயரும் செய்தியில் வந்தன. மற்றவர்கள் நாடு கடத்தப்பட்டவர்கள் என்ற ஒரு சொல்லில் முடிந்தார்கள். அது வூடிக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்குத் தானாகப் பெயர் வைத்து ஒரு பாடலை எழுதினார். சுமார் பத்தாண்டுகள் கழித்து மார்ட்டின் ஹொஃப்மன் என்ற ஆசிரியர் அதற்கு மெட்டமைத்தார். அந்த 28 பேரின் உண்மைப் பெயர்கள் கல்லறையில் பொறிக்கப்பட்டது 2013 இல்தான்.

அதே 1948 இல் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. கண்டியையும் ஹட்டனையும் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலைச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அதில் போனவர்களும் பேரேடுகளில் எண்ணிக்கைதான். அந்த ஒப்பீட்டுக்காகத்தான் நான் அப்போது வூடியைப் படித்தேன். பெயரில்லாமல் போனவர்களுக்குப் பெயர் தேடிய அவர், தன்னுடைய நோயின் பெயரை அறியாமலே அடுத்த சில ஆண்டுகளைக் கழித்தார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியவந்தது.

பெயர் மாறி மாறி வந்த நோய்

1940களின் கடைசியிலேயே அவரிடம் மாற்றம் தெரிந்தது. நடை தள்ளாடியது. எழுத்து சிதறியது. மேடையில் பாட்டு மறந்தது. வீட்டில் கோபம் வன்முறையாக வெடித்தது. அவர் குடிப்பவரும்தான். ஆகவே, சுற்றியிருந்தவர்களுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. வைத்தியசாலைகளும் முதலில் குடிநோய் என்றன. பிறகு மனச்சிதைவு என்றன. 1952 இல் புரூக்ளின் அரச வைத்தியசாலையில்தான் ஹன்டிங்டன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். அவருக்கு 40 வயது. அம்மாவுக்கு வந்தது என்ன என்பதற்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

விடை கிடைத்ததே ஒழிய மருந்து இல்லை. அவர் மறுபடியும் ஊர் சுற்றக் கிளம்பினார். மார்ஜரியிடமிருந்து விவாகரத்தாகி, மூன்றாவது கல்யாணமும் நடந்தது. புளோரிடாவில் தீ மூட்டும்போது கை வெந்து, கிட்டார் வாசிக்க முடியாமல் போனது. 1954 இல் தானாகவே வந்து வைத்தியசாலையில் சேர்ந்தார். 1956 இல் நியூ ஜேர்சியில் வீதியில் அலைந்துகொண்டிருந்தவரைப் பொலிஸார் பிடித்து, கிரேஸ்டோன் பார்க் மனநல வைத்தியசாலையில் விட்டார்கள். ஆயிரத்துக்கும் மேல் பாட்டு எழுதியிருக்கிறேன், புத்தகம் போட்டிருக்கிறேன் என்று அவர் சொன்னதை அங்கிருந்தவர்கள் நோயின் பிதற்றல் என்று எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் உண்மை. அவருடைய சுயசரிதை நூல் 1943 இலேயே வந்துவிட்டது.

விவாகரத்துக்குப் பின்னரும் மார்ஜரி அவரைக் கைவிடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வந்தார். கிரேஸ்டோனுக்கு அருகில் ஈஸ்ட் ஒரேஞ்சில் இருந்த ஒரு தம்பதியினர் வார இறுதிகளில் வூடியைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். நண்பர்கள் வந்து அவருடைய பாடல்களை அவருக்கே பாடிக் காட்டுவார்கள். 1961 ஜனவரியில் 19 வயதுப் பையன் ஒருவன் அவரைப் பார்க்கவென்றே வந்தான். அவன்தான் பொப் டிலான்.

கடைசிக் காலத்தில் வூடியால் பேச முடியவில்லை. ஆம், இல்லை என்று எழுதிய இரண்டு அட்டைகளை மார்ஜரி வைத்திருந்தார். கேள்விக்கு அவர் அதைக்கொண்டு பதில் சொல்வார். ஆயிரக்கணக்கில் சொற்களைக் கொட்டிய மனிதருக்கு இரண்டு சொல் மிஞ்சியது. 1967 ஒக்டோபர் 3 அன்று, 55 ஆவது வயதில், நியூயோர்க் குயீன்ஸில் உள்ள கிரீட்மூர் வைத்தியசாலையில் அவர் இறந்தார்.

மூளைக்குள் என்ன நடந்தது

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் ஜோர்ஜ் ஹன்டிங்டன் என்ற கிராமத்து வைத்தியர். சிறுவனாக இருந்தபோது, வைத்தியரான அப்பாவோடு வண்டியில் போகையில், நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் தீவில் ஒரு காட்டு வீதியில் தாயும் மகளுமாக இரு பெண்கள் உடலை வளைத்து முகத்தைக் கோணி வருவதைப் பார்த்தார். அந்தக் காட்சி மனதில் தங்கியது. தாத்தாவும் அப்பாவும் அதே ஊரில் வைத்தியர்கள் என்பதால் மூன்று தலைமுறைக் குடும்பங்களின் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. 1872 இல், 22 ஆவது வயதில், இது பரம்பரையாக வரும் நோய் என்று தெளிவாக எழுதினார். ஆகவே, வூடியின் அம்மாவை வைத்தியசாலையில் அடைத்தபோது, நோயைப் பற்றிய கட்டுரை வெளிவந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நோயில் சாவது மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேற்றம் என்ற பகுதியின் நரம்புக் கலங்கள். அசைவைக் கட்டுப்படுத்துவது அந்தப் பகுதி. ஏன் குறிப்பாக அந்தக் கலங்கள் சாகின்றன என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான் ஆராய்ச்சியாளர்களின் கவனம் குயினோலினிக் அமிலத்தின் பக்கம் திரும்பியது.

நாம் சாப்பிடும் முட்டை, பருப்பு, மீன், பால் எல்லாவற்றிலும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை உடம்பால் தானாக உண்டாக்க முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். புரதம் கட்டப் பயன்பட்டது போக, உடம்பு சிதைக்கும் டிரிப்டோபானில் 100 இல் 90 பங்குக்கும் மேல் கைனுரெனின் பாதை என்ற வழியில் போகிறது. சிறிதளவுதான் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினாக மாறுகிறது. அந்தப் பாதையின் முடிவில் கலங்களுக்குச் சக்தி தரும் வேலைக்கு இன்றியமையாத ஒரு பொருள் உண்டாகிறது. அதற்கு முந்திய படிதான் குயினோலினிக் அமிலம்.

சாதாரண அளவில் அதனால் தொல்லை இல்லை. அளவு மீறினால்தான் ஆபத்து. நரம்புக் கலங்களின் மேல் குளுட்டமேற் என்ற செய்திக் காவி வந்து திறக்கும் வாசல்கள் உண்டு. குயினோலினிக் அமிலம் அதே வாசல்களில் ஒரு வகையைத் திறந்துவிடும். வாசல் மூடாமல் இருந்தால் கல்சியம் அளவுக்கதிகமாக உள்ளே பாய்ந்து கலம் செத்துப்போகும். 1978 இல் லெனின்கிராட்டில் லாப்பின் என்ற ஆய்வாளர் இந்த அமிலம் எலிகளுக்கு வலிப்பை உண்டாக்குவதைக் காட்டினார். 1981 இல் பிரித்தானியாவின் ட்ரெவர் ஸ்டோனும் பேர்க்கின்ஸும் அது திறக்கும் வாசல் எது என்று கண்டுபிடித்தார்கள். 1983 இல் ரொபேர்ட் ஷ்வார்ஸின் குழு அதை எலியின் மூளையில் செலுத்தியபோது அங்கிருந்த நரம்புக் கலங்கள் செத்தன. 1986 இல் பிளின்ட் பீலின் குழு, அப்படிச் சாகும் கலங்களும் தப்பும் கலங்களும் ஹன்டிங்டன் நோயாளரின் மூளையில் காணப்படுவதைப் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டியது. மருந்து ஏதும் நரம்புக் கலங்களைக் காக்குமா என்று ஆய்வுகூடத்தில் சோதிக்கும் வழி ஒன்று இதனால் திறந்தது.

எலியில் ஒத்த காட்சியை உண்டாக்கியது என்பதால் மனிதரில் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. 1993 இல் நோயின் மூலகாரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால் நோய் அநேகமாக உறுதி. 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். அந்த மரபணு தரும் பழுதான புரதமே முதற்காரணம். குயினோலினிக் அமிலம் அதற்குப் பிறகு சேதத்தைக் கூட்டும் ஒன்றாக இருக்கலாம் என்பதே இன்றைய எண்ணம். நோயின் தொடக்க நிலையில் இறந்தவர்களின் மூளைத் திசுவில் அது கூடியிருந்ததை 2004 இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் உயிரோடு இருக்கும் நோயாளரின் மூளைத் தண்டுவடத் திரவத்தைப் பார்த்த அண்மைய ஆய்வில் அப்படித் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. எயிட்ஸ் நோயோடு வரும் மறதி நோயில் இந்த அமிலம் கூடுவது 1990களின் தொடக்கத்திலேயே பதிவானது. அல்சைமர் நோயிலும் அதைத் தேடுகிறார்கள். அந்தப் பாதையின் இடையில் உள்ள நொதியம் ஒன்றைத் தடுத்து அமிலத்தைக் குறைக்கும் முயற்சி எலிகளில் பலன் தந்திருக்கிறது. மனிதருக்கு அது இன்னும் மருந்தாகவில்லை.

இதை வாசித்துவிட்டு யாரும் முட்டையையும் பருப்பையும் தள்ளிவைக்க வேண்டாம். டிரிப்டோபான் இல்லாமல் உடம்பு நடக்காது. குறையும் நிலை வந்தால் அதுவே வேறொரு நோய். நோய் சாப்பாட்டிலிருந்து வரவில்லை. குடியிலிருந்தும் வரவில்லை. பாவத்திலிருந்தும் வரவில்லை.

மார்ஜரி செய்தது

வூடி இறந்த 1967 இலேயே மார்ஜரி ஒரு அமைப்பைத் தொடங்கினார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து இந்த நோய் உள்ள குடும்பங்களைத் தேடினார். சில குடும்பங்களோடு தொடங்கிய அது இன்று அமெரிக்காவின் ஹன்டிங்டன் நோய்ச் சங்கமாக இருக்கிறது. வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த பெயரைச் சபையில் சொல்லக் குடும்பங்கள் பழகின. 1970களின் நடுவில் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த நோய் பற்றிய ஆணைக்குழுவை அமைத்தபோது அதன் தலைவி மார்ஜரி. செயற்பணிப்பாளர் நான்சி வெக்ஸ்லர், தன் தாயையே இந்த நோய்க்குக் கொடுத்தவர். வெக்ஸ்லரின் குழு வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரை மீனவக் கிராமங்களுக்குப் போய்த் தலைமுறை தலைமுறையாக நோய் வந்த குடும்பங்களின் வம்சாவளியையும் இரத்த மாதிரிகளையும் சேகரித்தது. மரபணு நான்காவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 1983 இல் அறிய அவை உதவின. மார்ஜரி அதே ஆண்டில் இறந்தார்.

வூடியின் பிள்ளைகளில் மேரிக்குப் பிறந்த குவெனும் சூவும் இந்த நோயால், இருவருமே 41 ஆவது வயதில், இறந்தார்கள். மார்ஜரியின் மகன் ஆர்லோ பெரிய பாடகராகி முதுமை கண்டார், அவருக்கு நோய் வரவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. அக்காவுக்கு வந்ததால் தம்பிக்கு வராது என்றும் இல்லை, வரும் என்றும் இல்லை.

கெலிஓயாவில்

இந்த நோய் நம் நாட்டுக்குப் புதிதல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இலங்கையில் ஹன்டிங்டன் நோய் உள்ளவர்களைப் பற்றி 2013 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிச் சொல்லப்படாமல் கிடக்கும் குடும்பங்கள் தோட்டங்களிலும் கிராமங்களிலும் இருக்கக்கூடும். நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. உடல் ஆட்டத்தைக் குறைக்கும் மருந்து இருக்கிறது. மனச்சோர்வுக்கும் எரிச்சலுக்கும் சிகிச்சை இருக்கிறது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இவை எல்லாம் கிடைக்க முதலில் நோயின் சரியான பெயர் தெரிய வேண்டும். குடிகாரர் என்ற பெயரோடு போகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

தோழி தன் இரத்தத்தைச் சோதிப்பதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அது அவளுடைய முடிவு. வைத்தியரும் அவசரப்படுத்தவில்லை. சோதிக்கும் முன் மரபணு ஆலோசனை பெற வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தம்பி பெண் வீட்டாரிடம் தானே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் இப்போதைக்கு எழுத ஒன்றுமில்லை.

வூடியின் இரண்டு அட்டைகளைப் பற்றி நான் சொன்னபோது தோழி அன்றைக்கே ஒரு காரியம் செய்தாள். ஓர் அட்டையில் ஒரு பக்கம் சிங்களத்திலும் மறுபக்கம் தமிழிலும் நான்கு வரி எழுதினோம். இவர் குடித்திருக்கவில்லை, இவருக்கு ஹன்டிங்டன் என்ற மூளை நோய் இருக்கிறது, தயவுசெய்து இருக்கை கொடுங்கள் என்று எழுதி, கீழே அவளுடைய தொலைபேசி இலக்கத்தையும் போட்டோம். டவுனில் ஒரு கடையில் கொடுத்து லெமினேட் செய்து, கழுத்தில் மாட்ட நாடாவும் கட்டினோம். அப்பாவுக்கு முதலில் விருப்பமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையா நான் என்று கோபப்பட்டார்.

போன வாரம் கண்டியில் அவரைப் பார்த்தேன். அட்டை சட்டைக்கு வெளியே தொங்கியது. கண்டக்டர் அதை வாசித்துவிட்டு முன் இருக்கையில் இருந்த பையனை எழுப்பினார். அப்பா உட்கார்ந்தார். பஸ் கெலிஓயாவுக்குப் புறப்பட்டது.